டமாஸ்கஸில் ஒரு சிவப்புப் புள்ளி

கார்த்திகேசு எதையும் சும்மா நம்புகிற ஆள் இல்லை. பால் வாங்கினால் போத்தலில் திகதி பார்ப்பார். பார்த்த பிறகு, அந்தத் திகதியை யாரும் அழித்துவிட்டு மாற்றி அடித்திருக்கிறார்களோ என்று விரலால் ஒருமுறை தேய்த்தும் பார்ப்பார். சிரித்துக்கொண்டு வருகிறவனை ஏன் சிரிக்கிறான் என்று பார்ப்பார். சிரிக்காமல் வருகிறவனைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். இப்படிப்பட்ட மனுசனோடு இத்தனை வருடம் குடும்பம் நடத்திய யோகமலருக்குக் கோயில் கட்டலாம். கட்டினால் அந்தக் கோயில் நிர்வாகத்தையும் அவர் சந்தேகப்படுவார் என்பதால் யாரும் அந்த வேலையில் இறங்கவில்லை.

ஈஸ்ட் ஹாம் ஹை ஸ்ட்ரீட் நோர்த்தில், ஒரு சேலைக்கடைக்கும் ஒரு நகைக்கடைக்கும் நடுவில் மூச்சுப் பிடித்துக்கொண்டு நிற்பதுபோல் ஒரு ஒடுங்கிய கடை. அதுதான் அவருடைய படக்கடை. பாஸ்போர்ட் படம், கலியாண அல்பம், சாமிப் படத்துக்குப் பிரேம் எல்லாம் அங்கே உண்டு. ஆனால் அவருக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது செத்தவர்களின் படம். வீட்டில் ஒருவர் கண்ணை மூடினால், முப்பத்தொராம் நாளுக்குச் சுவரில் மாட்டப் படம் வேண்டும். வீட்டுக்காரர் கொண்டுவருவது ஏதாவது ஒரு கலியாண வீட்டில் பத்துப் பேரோடு நெருக்கியடித்துக்கொண்டு எடுத்த படமாக இருக்கும். கார்த்திகேசு தலையை மட்டும் வெட்டி எடுத்து, கோட்டும் டையும் போட்ட ஒரு உடம்பில் பொருத்தி, பின்னால் நீல வானத்தையும் வைத்துவிடுவார். வாழ்நாளில் டை கட்டாத எத்தனையோ மனுசர் அவருடைய கையால் டை கட்டிக்கொண்டு சுவரில் ஏறியிருக்கிறார்கள். ஒட்டிய இடம் எது என்று பெற்ற தாயாலும் கண்டுபிடிக்க முடியாது.

படத்தில் ஒரு புள்ளி, ஒரு கீறல், ஒரு கறை கண்டால் அவருக்குக் கை சும்மா இருக்காது. கேட்காமலே எடுத்துவிடுவார். ஒருமுறை மூக்கருகே இருந்த மச்சத்தையும் அழுக்கென்று எடுத்துவிட்டு, செத்தவரின் மனைவி கடைக்கு வந்து இது என் புருசன் இல்லை என்று அழுத கதையும் உண்டு. அந்தக் கதையிலிருந்து அவர் ஒன்றும் படிக்கவில்லை.

இரண்டாயிரத்து ஐந்தாம் ஆண்டு அது. யூலையில் ரயிலிலும் பஸ்ஸிலும் குண்டு வெடித்தபிறகு லண்டனில் எல்லோரும் எல்லோருடைய பையையும் பார்த்துக்கொண்டு திரிந்தார்கள். நாட்டுக்கே கார்த்திகேசுவின் குணம் வந்துவிட்டது என்று யோகமலர் சொன்னாள். அவரையே ரயில் ஸ்டேஷனில் பொலிஸ்காரர் மறித்து, படத்தைச் சுற்றி வைக்கிற மவுண்ட் மட்டை வெட்டும் கத்தியை வெளியே எடுத்து, இது என்ன என்று விசாரித்தார்கள். அவர் அதைத் தப்பென்று நினைக்கவில்லை. தானாக இருந்தாலும் மறித்திருப்பேன் என்றார்.

ஒக்டோபர் தொடக்கத்தில், கடை பூட்டுகிற நேரத்துக்குச் சற்று முன், ஒரு இளைஞன் நீளமான குழாய் ஒன்றைத் தோளில் தொங்கப்போட்டுக்கொண்டு உள்ளே வந்தான். மெல்லிய தாடி. களைத்த கண். குழாய்க்குள் ஒரு பழைய படம் இருக்கிறது, மடிக்காமல் வெட்டாமல் ஒரே நீளப் பிரேமுக்குள் போட வேண்டும் என்று ஆங்கிலத்தில் சொன்னான். அதோடு விட்டிருந்தால் ஒரு பிரச்சினையும் இல்லை. கடை ஜன்னலில் வைக்க வேண்டாம், வருகிறவர் போகிறவருக்குக் காட்டவும் வேண்டாம் என்றான். நவம்பர் மூன்றாம் திகதி காலையில் கையில் கிடைக்க வேண்டும், அதற்குப் பிந்தினால் பிரயோசனமில்லை என்றும் சொன்னான்.

கார்த்திகேசுவுக்கு மூக்கில் வியர்த்தது. பெயர் கேட்டார். மாசின். எந்த இடம் என்று கேட்டார். பக்கத்து ஊர், பார்க்கிங் என்றான். அதற்கு முன்? இல்ஃபர்ட். அதற்கும் முன்? இளைஞன் லேசாகச் சிரித்து, தூரம் என்றான். யாழ்ப்பாணத்து மனுசனுக்கு இதைவிட ஒரு அவமதிப்பு இருக்க முடியாது. ஊரைக் கேட்டு, ஊருக்குள் குறிச்சியைக் கேட்டு, ஒழுங்கையைக் கேட்டு, கடைசியில் வேலிக்கு எந்தப் பக்கம் என்பதுவரை போகாமல் எங்கள் சனத்துக்குப் பேச்சு முடியாது. இவன் வாசலிலேயே மறித்துவிட்டான்.

யோகமலர் வழக்கம்போல் தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தாள். அவன் நெஞ்சில் கை வைத்து, வேண்டாம் என்றான். பிறகொரு நாள் பிரேம் நிறம் பார்க்க வந்தபோதும் அதே வேண்டாம். தேத்தண்ணி குடிக்காமல் போகிறவன் மனதில் ஏதோ வைத்திருக்கிறான் என்பது கார்த்திகேசுவின் உறுதியான கொள்கை. எதிர்க்கடை வாசல் முழுக்கப் பேரீச்சம்பழப் பெட்டி அடுக்கியிருந்தது, பொழுதுபடும் நேரத்தில் பாதித் தெரு அவசரமாக வீட்டுக்கு ஓடியது. இதையெல்லாம் ஒன்றோடொன்று சேர்த்துப் பார்க்க அவருக்கு ஓடவில்லை. சந்தேகக்காரனுக்கு எல்லாம் தெரியும், பக்கத்தில் இருப்பதைத் தவிர.

முதல் நாள் அவன் போனபிறகு இருவருமாகப் படத்தை நீள மேசையில் விரித்தார்கள். மேசை போதவில்லை, ஒரு நுனியை யோகமலர் கையில் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டியிருந்தது. பல தாள்களைப் பக்கம் பக்கமாகத் துணியில் ஒட்டி ஒரே காட்சியாக்கியிருந்தார்கள். கறுப்பு வெள்ளை இல்லை, தேயிலைச் சாயத்தில் தோய்த்த நிறம். யாரோ ஒருவன் நூற்றிருபது, நூற்றுமுப்பது வருடத்துக்கு முன் ஒரு கோட்டைக் கோபுரத்தில் ஏறி நின்று, கமராவைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பித் திருப்பி, ஒரு நகரம் முழுவதையும் எடுத்திருந்தான். தட்டையான மண் கூரைகள் ஒன்றோடொன்று தோள் முட்டிக் கிடந்தன. அவற்றுக்கு நடுவே கவிழ்த்த கிண்ணங்களாக மசூதிக் குவிமாடங்கள். மெல்லிய மினாராக்கள் அங்குமிங்கும் நின்றன. நடுவில் பெரிய மசூதி, அதன் முற்றம் ஒரு மைதானம் அளவு. கூரைகளுக்கு இடையே எட்டிப் பார்த்தால் வீடுகளின் உள்முற்றமும் அதில் ஒரு மரமும் தெரிந்தன. தூரத்தில் நகரம் முடிகிற இடத்தில் தோட்டங்கள், அதற்கு அப்பால் ஒன்றுமில்லாத வெளி. கீழ் ஓரத்தில் பிரெஞ்சில் எழுதியிருந்ததை எழுத்துக்கூட்டி, டமாஸ்கஸ் என்று கண்டுபிடித்தார் கார்த்திகேசு.

"இஞ்ச பாருங்கோ," என்றாள் யோகமலர். "இவ்வளவு பெரிய பட்டினத்தில ஒரு சனம்கூட இல்லை. சனத்தை எழுப்பிக் கலைச்சுப்போட்டு எடுத்த மாதிரிக் கிடக்கு."

அதற்குக் காரணம் கார்த்திகேசுவுக்குத் தெரியும். அந்தக் காலத்துக் கமராவில் மூடியைத் திறந்து வைத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். நடக்கிறவன் படத்தில் விழமாட்டான், அசையாமல் நின்றவன் மட்டும்தான் விழுவான். தெருவெல்லாம் சனம் நிறைந்திருந்தாலும் படத்தில் தெரு வெறுமையாகத்தான் வரும். ஆனால் அவர் அதைச் சொல்லவில்லை. அவருடைய கண் வேறொன்றில் நின்றுவிட்டது.

பெரிய மசூதிக்குத் தென்மேற்கே, நெருக்கமான வீடுகளுக்கு நடுவில், ஒரு கூரையின் மேல் சிவப்பு மையில் ஒரு புள்ளி. கடுகளவு. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். அச்சில் விழுந்தது இல்லை, பிறகு யாரோ பேனாவால் வைத்தது.

சிவப்புப் புள்ளியைக் கண்டு அவர் பயந்ததற்குக் காரணம் இருந்தது. ஊரில் ஒரு காலையில் ஆமி வந்து சுற்றிவளைத்தபோது, அதிகாரி ஒருவனின் கையில் இருந்த வரைபடத்தில் இதே மாதிரிப் புள்ளிகளை அவர் கண்டிருக்கிறார். ஆண்களையெல்லாம் சந்தியில் வரிசையாக நிறுத்தினார்கள். ஆளைக் காட்டிக்கொடுக்க, ஜீப்புக்குள் சாக்கால் தலையை மூடிய ஒருவன் இருந்தான். தலையாட்டி என்று சனம் அவனுக்குப் பெயர் வைத்திருந்தது. ஒவ்வொருவராக ஜீப்புக்கு முன்னால் நடக்க வேண்டும். சாக்கு பக்கவாட்டில் அசைந்தால் வீட்டுக்குப் போகலாம். மேலும் கீழும் அசைந்தால் லொறியில் ஏற வேண்டும். கார்த்திகேசுவுக்கு அது பக்கவாட்டில் அசைந்தது. அவருக்குப் பின்னால் வந்த தம்பி லோகனுக்கு மேலும் கீழும் அசைந்தது. சோதனைக்குப் படித்துக்கொண்டிருந்த பெடியன், எந்த இயக்கத்துக்கும் போகாதவன். லொறியில் ஏறியவன் பிறகு வரவில்லை. சாக்குக்குள் இருந்தவன் யார் என்று கடைசிவரை தெரியவில்லை, ஆனால் ஊரைத் தெரிந்த ஒருவனாகத்தான் இருக்க வேண்டும். அன்றைக்குத்தான் கார்த்திகேசு தெரிந்தவர்களைச் சந்தேகப்படத் தொடங்கினார். தெரியாதவர்களுக்கு வர அதிக நேரம் எடுக்கவில்லை.

எத்தனையோ பேருடைய தலையை வெட்டி ஒட்டியவர், லோகனின் தலையை மட்டும் பள்ளிக்கூடக் குழுப் படத்திலிருந்து இன்றுவரை வெட்டவில்லை. அது மேசை லாச்சிக்குள் அப்படியே கிடக்கிறது.

பொலிசுக்கு அறிவிக்க வேண்டியதுதானே என்று நீங்கள் கேட்கலாம். யோகமலரும் கேட்டாள். அங்கேதான் சிக்கல். கடையின் பின்னறையில், சுவரோடு சாய்த்து வரிசையாக, வரிச்சீருடை போட்ட பெடியன் பெட்டைகளின் படங்கள் நின்றன. நவம்பர் கடைசியில் மாவீரர் நாள். இயக்கத்தில் சேர்ந்து செத்துப்போன பிள்ளைகளின் தாய் தகப்பன்மார் வருடா வருடம் கார்த்திகேசுவிடம்தான் பெரிதாக்கிப் பிரேம் போடக் கொடுப்பார்கள். அந்த இயக்கத்தை இந்த நாடு தடைசெய்து சில வருடம் ஆகியிருந்தது. படம் பிரேம் பண்ணுவது குற்றமா இல்லையா என்று கார்த்திகேசுவுக்குத் தெரியாது. கேட்டுத் தெரிந்துகொள்ளவும் பயம். டமாஸ்கஸைப் பார்க்க வரும் பொலிஸ் பின்னறையைப் பார்க்காமல் போகுமா? கடையும் போகும், விசாவும் போகும், மனுசனும் உள்ளே போவார்.

ஆகவே அறிவிக்கவும் முடியாது. படத்தைத் திருப்பிக் கொடுத்தால் அவன் உசாராகிவிடுவான். வைத்திருந்தால் தானும் கூட்டாளி. அவர் செய்தது ஒன்றே ஒன்று. கண்ணில் எண்ணெய் விட்டுக்கொண்டு அந்தப் படத்தைப் பார்த்தார். கடையில் ஆளில்லாத நேரமெல்லாம் பூதக்கண்ணாடியும் கையுமாக மேசையில் கவிழ்ந்து கிடந்தார். புள்ளியிலிருந்து எந்தத் தெரு எங்கே போகிறது? எந்தச் சந்தில் வண்டி நுழையும்? எந்த மினாராவிலிருந்து பார்த்தால் அந்தக் கூரை தெரியும்? புள்ளி விழுந்த கூரைக்குப் பக்கத்தில் ஒரு ஏணி சாத்தியிருந்தது. முற்றத்து மரத்தின் தலை கூரைக்கு மேலே கொஞ்சம் எட்டிப் பார்த்தது. கொடியில் காயப்போட்ட ஏதோ ஒரு துணி காற்றில் ஆடியதால் புகையாகப் படிந்திருந்தது. ஈஸ்ட் ஹாமில் தன் கடைக்குப் பின்னால் என்ன தெரு என்று கேட்டால் யோசிக்கிற மனுசன், டமாஸ்கஸில் கண்ணைக் கட்டிவிட்டாலும் நடப்பார் என்ற நிலைக்கு வந்தார்.

ஸ்கேன் பண்ணி ஒரு பிரதி வையுங்கோ, பிறகு யாரும் கேட்டால் காட்டலாம் என்றாள் யோகமலர். அது கம்ப்யூட்டருக்குள் கிடந்தால் தனக்கே வினை என்று அவர் ஒரேயடியாக மறுத்துவிட்டார்.

தீபாவளிக்கு முதல் நாள் பின்னேரம், தெரு முழுக்கச் சனம். யாரோ கொளுத்திவிட்ட வாணம் பக்கத்து நகைக்கடைக் கண்ணாடியில் பட்டு அது உடைந்துபோனது. விசாரிக்க வந்த பொலிஸ்காரப் பெடியன் ஒருவன் கார்த்திகேசுவின் கடைக்குள்ளும் வந்தான். ஏதும் கண்டீர்களா என்று கேட்டான். இல்லை என்று சொல்லி முடிப்பதற்குள் அவனுடைய கண் மேசைக்குப் போய்விட்டது.

அழகான படம், எந்த ஊர் என்றான்.

"இந்தியா," என்றார் கார்த்திகேசு.

பெடியன் குனிந்து, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, இடது பக்கத்திலிருந்து வலது பக்கம்வரை ரசித்துக்கொண்டு வந்தான். கார்த்திகேசுவின் கண் பின்னறைக் கதவில் இருந்தது. கதவு முழுதாகச் சாத்தப்படவில்லை, இடுக்கில் ஒரு பெட்டையின் சீருடைத் தோள் தெரிந்தது. யோகமலர் மெல்லப் போய் அந்தக் கதவில் சாய்ந்துகொண்டு நின்றாள். பெடியன் ஒரு இடத்தில் நின்று, இந்தச் சிவப்பு என்ன என்று கேட்டான்.

அது அழுக்கு, துடைக்கத்தான் எடுத்து வைத்திருக்கிறேன் என்று கார்த்திகேசுவின் வாய் தானாகச் சொன்னது. பெடியன் தலையசைத்துவிட்டு, தீபாவளி வாழ்த்தும் சொல்லிவிட்டுப் போனான்.

அழுக்கென்று சொன்னபிறகு அது அங்கே இருக்க முடியாது. திரும்பவும் வந்து பார்த்தால்? கார்த்திகேசு கதவைப் பூட்டிவிட்டு மெல்லிய பிளேட்டை எடுத்தார்.

"அந்தாளின்ரை சாமான் அப்பா அது. ஒரு சொல்லுக் கேட்டுப்போட்டுச் செய்யுங்கோ," என்றாள் யோகமலர்.

"கேட்டால் உசாராயிடுவான். உமக்கு இது விளங்காது."

பிளேட் நுனியால் மையை மட்டும் மெதுவாகச் சுரண்டினார். தாளின் தோல் கிழியாமல், மூச்சை அடக்கிக்கொண்டு. பிறகு தேயிலை நிறத்தில் சாயம் கலந்து, ஒரு மயிர் மட்டும் விட்டு வெட்டிய தூரிகையால் தொட்டுத் தொட்டு நிரப்பினார். வேலை முடிந்தபோது புள்ளி இருந்த இடமே இல்லை. பூதக்கண்ணாடிக்கும் பிடிபடவில்லை. அவருக்குப் பெருமையாகக்கூட இருந்தது. அன்றிரவு நல்ல நித்திரை.

மூன்றாம் திகதி காலையில் கடை திறந்து கொஞ்ச நேரத்தில் மாசின் வந்தான். தாடியைத் திருத்தி, புதுச் சட்டை போட்டிருந்தான். கூடவே எழுபது வயது மதிக்கத்தக்க ஒரு பெண், சாம்பல் நிறக் கோட்டும் வெள்ளை முக்காடும். கையில் இனிப்புப் பெட்டி. என் அம்மா, போன கிழமைதான் டமாஸ்கஸிலிருந்து வந்தார், பெருநாளைக்கு இந்தப் படத்தைக் கொடுக்கலாம் என்று நினைத்திருந்தேன் என்றான். யோகமலர் திரும்பித் தன் புருசனை ஒரு பார்வை பார்த்தாள். நோன்பு. ஒரு மாதமாக அவன் தேத்தண்ணி குடிக்காததற்கு அதுதான் காரணம். இன்றைக்குக் குடிப்பீர்களா என்று கேட்டாள். இன்றைக்குக் குடிக்கலாம் என்று சிரித்தான்.

ஜன்னலில் வைக்க வேண்டாம் என்றதற்கும் காரணம் சொன்னான். இந்தக் குழாயோடு யூலைக்குப் பிறகு இரண்டு தடவை ரோட்டில் மறித்து விரிக்கச் சொன்னார்களாம். இதை விளக்கி விளக்கி அலுத்துப்போய்விட்டது என்றான். படம் அவனுடைய மாமனிடம், அதாவது தாயின் தமையனிடம் இருந்தது. பார்க்கிங்கில் தனியாக இருந்த மனுசன் போன மாரியில் இறந்தபோது கட்டிலுக்கடியிலிருந்து கிடைத்தது. தாய் அதைக் கடைசியாகப் பார்த்தது குமரியாக இருந்தபோது.

கார்த்திகேசுவும் மாசினும் பிரேமைத் தூக்கி மேசையில் வைத்தார்கள். தாய் படத்தின் மேல் குனிந்தாள். நகரத்தை ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை பார்த்து, பெரிய மசூதியில் கொஞ்சம் நின்று, ஏதோ முணுமுணுத்தாள். பிறகு கைப்பையிலிருந்து மூக்குக் கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு, மசூதிக்குத் தென்மேற்கே விரலைக் கொண்டுபோனாள். விரல் கூரை கூரையாக நகர்ந்தது. திரும்பி வந்தது. மறுபடி நகர்ந்தது. அவள் மகனை நிமிர்ந்து பார்த்து ஒரு கேள்வி கேட்டாள். அரபு தெரியாத கார்த்திகேசுவுக்கும் அந்தக் கேள்வி விளங்கிவிட்டது.

மாசின் அவரிடம் திரும்பினான். இங்கே ஒரு சிவப்புப் புள்ளி இருந்ததே?

எந்தப் புள்ளி என்று கேட்டால் முடிந்தது. பழைய மை, வெளிச்சத்தில் மங்கியிருக்கும் என்று சொல்லலாம். எங்கே கொண்டுபோய்ச் சோதித்தாலும் கார்த்திகேசுவின் கைவேலையை ஒருவரும் பிடிக்க முடியாது. யோகமலர் தேத்தண்ணித் தட்டோடு நின்றவள், நின்ற இடத்திலேயே நின்றாள். மச்சத்தை எடுத்த அன்றைக்கு அந்த விதவைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் அவள்தான்.

"நான்தான் அழித்தேன்," என்றார் கார்த்திகேசு.

மாசினுக்குச் சட்டென்று விளங்கவில்லை. விளங்கியபோது அவன் சத்தம் போடவில்லை, குரல் இன்னும் தணிந்தது. தாய்க்குச் சொன்னான். அவள் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு மெதுவாகப் பேசினாள், அவன் துண்டு துண்டாக ஆங்கிலத்தில் சொன்னான். தன் தகப்பன் இருபது வயதுவரை இருந்த வீடு அது. ஆயிரத்துத் தொளாயிரத்து இருபத்தைந்தாம் ஆண்டில் பிரெஞ்சுக்காரன் குண்டு போட்டதில் அந்தப் பகுதியே எரிந்துபோனது. சுவர்கூட மிஞ்சவில்லை, பிறகு தெருக்களையும் வேறு மாதிரிப் போட்டுவிட்டார்கள். இந்தப் படம் கிடைத்தபோது தகப்பன் தேடிப் பிடித்துத் தன் கையால் வைத்த புள்ளி அது. வீட்டைக் கண்ட ஆட்கள் ஒருவரும் இப்போது உயிரோடு இல்லை. புள்ளிதான் வீடு.

"என்ன நினைத்து அழித்தீர்கள்?" என்று மாசின் கேட்டான்.

கார்த்திகேசு படத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "நீங்கள் அங்கே குண்டு வைக்கப்போகிறீர்கள் என்று நினைத்தேன்."

மாசின் சிரித்தான். பார்க்க நல்லாயில்லாத சிரிப்பு. "எண்பது வருடத்துக்கு முன்னமே அதை எரித்துவிட்டார்களே ஐயா."

வெட்கம் என்றால் என்னவென்று அந்த நேரத்தில் கார்த்திகேசு அறிந்தார். ஆனால் கையில் ஒன்று இருந்தது, அதைப் பிடித்துக்கொண்டார். எனக்கு அந்தக் கூரையைத் தெரியும், ஒவ்வொரு நாளும் பார்த்தேன், இப்போதும் காட்ட முடியும் என்று அவசரமாகச் சொன்னார். ஏணி, மரம், துணி எல்லாவற்றையும் சொன்னார். மாசின் நம்பவில்லை. எதையாவது ஒரு கூரையைத் தொட்டுக் காட்டினாலும் எங்களுக்கு எப்படித் தெரியும் என்றான். அவனைக் குறை சொல்ல முடியாது. இவ்வளவு நாளும் கார்த்திகேசு உலகத்தைக் கேட்டுவந்த அதே கேள்வி அது.

என்ன சொல்கிறார் என்று தாய் கேட்டாள். அவன் சொன்னான். அவள் கார்த்திகேசுவை நெடுநேரம் பார்த்தாள், கோபமாக இல்லை, பழகிய ஒன்றைப் பார்ப்பதுபோல. பிறகு மகனிடம் இரண்டு வசனம் சொன்னாள். அதை ஆங்கிலத்தில் சொல்ல மாசின் தயங்கினான். அவள் அவனுடைய முழங்கையைத் தட்டினாள்.

"எங்கள் நாட்டில் வேவு பார்க்கிறவர்கள் உண்டு என்கிறார் அம்மா. எங்கள் வீட்டுக்கு எதிரே ஒருவன் வருடக்கணக்காக நின்றான். எங்கள் சொந்தக்காரரைவிட எங்கள் வீடு அவனுக்குத்தான் நன்றாகத் தெரியும். அதனால் நீங்கள் சொல்வது சரியாகத்தான் இருக்கும் என்கிறார்."

யோகமலர் தட்டைக் கீழே வைத்தாள். கார்த்திகேசு கூரையைக் காட்டக் கையை நீட்டினார், விரல் இரண்டு மூன்று கூரைக்கு மேலே அலைந்தது. தாய் அவருடைய கையை மெதுவாக விலக்கிவிட்டு, தன் விரலை மசூதி மதிலின் ஓரத்தில் வைத்தாள். நான் ஒவ்வொன்றாகக் கொண்டுபோகிறேன், நீங்கள் சொல்லுங்கள் என்று சைகை காட்டினாள்.

விரல் முதல் கூரையில் நின்றது. கார்த்திகேசு தலையைப் பக்கவாட்டில் அசைத்தார். அடுத்த கூரை. இல்லை. அடுத்தது. இல்லை. கூரைகள் ஒவ்வொன்றாக வரிசையில் வந்து, அவருக்கு முன்னால் நின்று, போயின. கடைக்கு வெளியே பஸ் ஒன்று மூச்சுவிட்டு நின்றதும் அவருக்குக் கேட்கவில்லை. ஏணி வந்தது. மரத்தின் தலை வந்தது. விரல் நின்றது. தாய் நிமிர்ந்து அவருடைய முகத்தைப் பார்த்தாள்.

கார்த்திகேசு மேலும் கீழும் தலையாட்டினார்.

ஆட்டிய அந்தக் கணத்தில் ஊரில் கண்ட ஜீப் அவருடைய கண் முன்னால் வந்து நின்றது. சாக்குக்குள் இருந்த தலை இப்படித்தான் ஆடியது. அதே அளவு, அதே மெதுவாக. இத்தனை வருடமும் அவன் யார் என்று மட்டுமே யோசித்தவர், முதல் தடவையாக வேறொன்றை யோசித்தார். லோகனைப் பார்த்து ஆட்டியவனுக்கு நிச்சயமாகத் தெரிந்திருக்குமா, அல்லது யாராவது ஒருவருக்கு ஆட்ட வேண்டும் என்பதற்காக ஆட்டினானா?

பிரேமின் பின்பலகையைக் கழற்றி, தாயின் கண் முன்னாலேயே சிவப்பு மையில் புள்ளியை வைத்தார். கடுகளவு. அவள் குனிந்து பார்த்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, கார்த்திகேசுவின் தோளில் கை வைத்து அரபில் ஏதோ சொன்னாள். வாழ்த்தாகத்தான் இருக்க வேண்டும். மாசின் அதை மொழிபெயர்க்கவில்லை. பிரேமைத் துணியால் சுற்றிக்கொண்டு வாசலுக்குப் போனவன் திரும்பி நின்று, நிச்சயம்தானே என்று கேட்டான். கார்த்திகேசு இன்னொருமுறை தலையாட்டினார்.

அவர்கள் போனபிறகு அவர் வெறும் மேசைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். இனிப்புப் பெட்டி திறக்காமல் கிடந்தது. யோகமலர் புதிதாகத் தேத்தண்ணி ஊற்றிக் கொண்டுவந்தாள். அவர் தொடவில்லை. லாச்சியைத் திறந்து, பள்ளிக்கூடப் படத்தைப் பார்த்துவிட்டு மூடினார்.

"மலர்," என்றார். "அந்த ஏணி. அது வீட்டுக்கு இந்தப் பக்கம் நிண்டதோ, அந்தப் பக்கம் நிண்டதோ? பக்கத்துக் கூரையிலயும் ஒரு மரம் எட்டிப் பாத்தது, என்ன?"

யோகமலர் அவரை இரக்கத்தோடுதான் பார்த்தாள். ஆனால் பொய் சொல்லவில்லை.

"எனக்கெப்பிடித் தெரியும்? நீங்கள் தலையாட்டியாச்சு. இனி அவைக்கு அதுதான் வீடு."